எந்தப் பள்ளியில் பறக்கக் கற்பது?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' என்னும் புயல் இலங்கையைத் தாக்கிய நாட்களை மலையகத்தில் வாழும் எவரும் எளிதில் மறந்துவிடமாட்டார். நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளை மூடின, வீதிகள் அறுந்தன, மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டது. தரை வழி அடைபட்ட இடங்களுக்கு வான் வழியே உதவி வந்தது. எங்கள் கொட்டகலைப் பள்ளத்தாக்கின் மேலாக ஹெலிகொப்டர்கள் பறந்து சென்றபோது, லயத்து வாசல்களில் நின்ற பெரியோரும் சிறுவரும் அண்ணாந்து பார்த்துக் கைகூப்பியதை நான் கண்டேன்.

பாடசாலை மீண்டும் திறந்த சில நாட்களின் பின்னர், உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவில் கற்கும் மாணவி ஒருத்தி எனது அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய தாயார் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். சிறிது நேரம் தயங்கி நின்றுவிட்டு, "சேர், அந்த ஹெலிகொப்டரை ஓட்டுவதற்கு எங்கே படிக்க வேண்டும்?" என்று கேட்டாள். வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியொன்றின் விளம்பரத்தையும் தன் கைப்பேசியிற் காட்டினாள். சில மாதங்களில் விமானியாகலாம், கைநிறையச் சம்பளம் பெறலாம் என்பது அவ்விளம்பரத்தின் சாரம்.

நான் ஒரு கலைப்பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்தவன். ஆசிரியராக வேண்டுமா, பத்தனையிலுள்ள கல்வியியற் கல்லூரிக்கு வழி சொல்வேன்; தாதியாக வேண்டுமா, அதற்கும் வழி அறிவேன். இக்கேள்விக்கோ என்னிடம் விடை இருக்கவில்லை. "இரண்டு வாரம் பொறு, அம்மா, விசாரித்துச் சொல்லுகிறேன்" என்று கூறி அவளை அனுப்பினேன். அந்த இரண்டு வாரங்களிற் படித்தும் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றையே, அதே ஆவலை நெஞ்சில் வைத்திருக்கும் ஏனைய பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி, இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இவ்வூர்தியின் இயல்பைச் சிறிது நோக்குவோம். விமானத்தின் இறக்கை அசையாது நிற்பது. ஊர்தி முன்னோக்கி விரைந்தாலன்றி அது மேலே நில்லாது. ஹெலிகொப்டரின் இறக்கையோ தானே சுழல்வது. ஆதலால் அது நின்ற இடத்திலிருந்தே எழும், ஆகாயத்தில் அசையாது மிதக்கும், பின்னோக்கியும் செல்லும். இகோர் சிகோர்ஸ்கி என்னும் பொறியியலாளர் 1939இல் அமெரிக்காவிற் பறக்கவிட்ட ஊர்தியே இன்றைய ஹெலிகொப்டர்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. 1944இல் பர்மாக் காட்டுக்குள் விழுந்த விமானமொன்றிற் சிக்கியோரை மீட்பதற்கு, அவர் அமைத்த ஹெலிகொப்டரே பயன்பட்டது. ஓடுபாதை இல்லாத இடத்தில் மனிதரைக் காப்பதற்கென்றே பிறந்த ஊர்தி இது எனலாம்.

ஆனால் அதனை ஓட்டுவது எளிதன்று. இடக்கை ஒரு நெம்புகோலை ஏற்றி இறக்கி உயரத்தை ஆள வேண்டும். வலக்கை மற்றொரு கோலால் செல்லும் திசையை ஆள வேண்டும். இரு கால்களும் மிதிகளை அழுத்தி முகப்பு சுழலாமற் காக்க வேண்டும். இவற்றுள் ஒன்றை அசைத்தால் மற்றை இரண்டையும் உடனே திருத்த வேண்டும். இயந்திரம் நின்றுவிட்டால், விமானி கணப்பொழுதில் இடக்கை நெம்புகோலைத் தாழ்த்த வேண்டும். கீழிருந்து மேலெழும் காற்று சுழலிகளைத் தொடர்ந்து சுழற்ற, ஊர்தியைப் பத்திரமாகத் தரையிறக்க முடியும். பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் ரொபின்சன் ஆர்-22 போன்ற சிறு ஊர்திகளில், இந்தச் செயலுக்குக் கிடைக்கும் நேரம் ஓரிரு விநாடிகளே. ஆதலின் இக்கல்வியில் ஆசிரியரின் தரம் உயிரோடு தொடர்புடையது.

மலைநாட்டவராகிய நமக்கு மற்றொரு பாடமும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் சுழலியின் தூக்கும் ஆற்றலும் இயந்திரத்தின் வலுவும் குறைகின்றன. கடற்கரையில் நான்கு பேரைச் சுமந்து எழும் ஊர்தி, 4,000 அடி உயரத்தில், வெயில் ஏறிய நண்பகலில், மூவரோடு எழவும் முயல நேரிடலாம். இவற்றோடு மலையிடுக்குகளில் சுழன்று வீசும் காற்று, எதிர்பாராது இறங்கும் முகில், பள்ளத்தாக்குக்குக் குறுக்கே செல்லும் மின்கம்பிகள் ஆகிய இவையும் உள.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி, ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவிலிருந்து வந்த பெரிய விமானமொன்று, நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள சப்த கன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அப்போது நான் சிறு குழந்தை. அந்த இரவைப் பற்றி எனது தந்தையார் சொன்னவை இன்னும் நினைவில் உள்ளன. அது ஹெலிகொப்டர் அன்று. எனினும் நமது மலைகள் வானூர்தியின் பிழையைப் பொறுப்பதில்லை என்பதை எங்கள் தலைமுறை அன்றே அறிந்துகொண்டது. டித்வா நிவாரணப் பணியின்போதும், லுணுவிலையில் விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் ஒன்று விழுந்து அதன் விமானி உயிர்நீத்தார். இத்தொழிலை விரும்பும் பிள்ளை இதனையும் அறிந்தே விரும்ப வேண்டும்.

இனி, பள்ளியைத் தெரிவு செய்யும் விடயத்துக்கு வருவோம். "எந்தப் பள்ளி சிறந்தது?" என்றே எல்லோரும் கேட்கின்றனர். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது எனது துணிபு. "எந்த வேலைக்காக, எந்த நாட்டில் பறக்கப் போகிறேன்?" என்பதே முதலாவது கேள்வி. போகும் ஊரைச் சொல்லாமல் நல்ல புகையிரதம் எது என்று வினவினால் நிலைய அதிபர் என்ன விடை கூறுவார்? ஹற்றனிலிருந்து புறப்படும் எல்லாப் புகையிரதங்களும் சிங்கமலைச் சுரங்கத்தினூடாகக் கொட்டகலைக்கு வருவனவல்லவே! கொழும்பு நோக்கிச் செல்வனவும் உண்டு.

ஹெலிகொப்டர் விமானியின் தொழில் ஒன்றன்று, பல. நடுக்கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது ஒரு தொழில். இந்தியாவில் 1985இல் தொடங்கப்பெற்ற பவன் ஹான்ஸ் நிறுவனம் பெரிதும் அப்பணிக்கென்றே உருவாயிற்று. அத்தொழிலை நாடுபவர், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத மழையிலும் இருளிலும் கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் தகுதியையும், இரட்டை இயந்திர ஊர்திகளில் அனுபவத்தையும் பெற வேண்டும். கேதார்நாத், வைஷ்ணோதேவி போன்ற மலைத் தலங்களுக்கு யாத்திரிகரை ஏற்றிச் செல்வது மற்றொரு தொழில். அதற்கு மலைப் பறப்பில் நீண்ட பயிற்சி வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு இடங்காட்டுதல், நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல், காட்டுத் தீயை அணைத்தல், பயிர்களுக்கு மருந்து தெளித்தல், பிறருக்குக் கற்பித்தல் என இன்னும் பல உள. ஒவ்வொன்றுக்கும் வேண்டப்படும் தகுதி வேறு. ஆகவே பொருத்தமான பள்ளியும் வேறு. தட்டையான கடற்கரை நிலத்தில் மட்டும் கற்பிக்கும் பள்ளி, மலைமீட்புப் பணியை நாடும் மாணவருக்குப் பாதிப் பள்ளியே ஆகும்.

அடுத்து, நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வழிகள் எவை?

முதலாவது, இலங்கை விமானப்படை. 1951ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி தோன்றிய இப்படையில், பயிலுநர் அதிகாரியாகத் தெரிவாகிறவர் திருகோணமலை சீனக்குடாவிலுள்ள கல்விக்கூடத்தில் முதலில் விமானம் ஓட்டக் கற்கிறார். ஹெலிகொப்டர் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் பின்னர் ஹிங்குராக்கொடையிலுள்ள 7ஆம் இலக்க அணியில் பெல் 206 ரக ஊர்திகளிற் பயிற்சி பெறுகின்றனர். இப்பயிற்சிக்கு மாணவர் கட்டணம் செலுத்துவதில்லை. மாறாக, நீண்ட காலம் பணியாற்றுவதாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். தெரிவு கடுமையானது, உயர்தரம் முடித்த இளவயதிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எந்தப் பிரிவிற் பறப்பது என்பதைப் படையே முடிவு செய்யும். படைவீரரின் கடமைகள் யாவும் விமானிக்கும் உரியன. இவற்றை மனமார ஏற்பவரே இவ்வழியிற் செல்லலாம். பெண்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: 2020ஆம் ஆண்டு நவம்பரில் இப்படையில் முதன்முதலாகப் பெண்கள் இருவர் விமானிச் சின்னம் பெற்றனர்.

இந்த வழி எங்கள் மக்களுக்கு எப்போதும் திறந்திருந்ததன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோரின் பிள்ளைகள், அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பப் படிவம் கேட்கவும் இயலாதிருந்த காலம் உண்டு. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. கதவு இருக்கிறது என்பதை அறியாமலே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஆதலின் கதவு எங்கிருக்கிறது என்று ஒரு மாணவி கேட்கும்போது, "உனக்கேன் இந்த ஆசை?" என்று கேட்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை.

இரண்டாவது வழி, சொந்தச் செலவிற் கற்பது. இரத்மலானை விமான நிலையத்தில் தனியார் விமானப் பயிற்சிக் கழகங்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை நிலையான இறக்கை கொண்ட விமானங்களை ஓட்டவே கற்பிக்கின்றன. விமானத்துக்குரிய அனுமதிப்பத்திரம் ஹெலிகொப்டருக்குச் செல்லாது என்பதைப் பெற்றோர் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். எந்தப் பள்ளி எந்தப் பயிற்சியை அளிக்க அனுமதி பெற்றுள்ளது என்பதை, இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் எழுத்து மூலம் கேட்டு அறிவது நலம்.

மூன்றாவது வழி, வெளிநாடு சென்று கற்பது. இங்கேதான் பெரும் பொருள் செலவாகிறது. பெரும் ஏமாற்றமும் நேர்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, தனியார் ஹெலிகொப்டர் அனுமதிப்பத்திரத்துக்குக் குறைந்தது 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். சம்பளத்துக்குப் பறப்பதற்குரிய வணிக அனுமதிப்பத்திரத்துக்கு 18 வயதும் 150 மணியும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுமையான பாடநெறியில் கற்போருக்கு 100 மணி போதும். இவை மிகக் குறைந்த அளவுகள். நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபடும். அனுமதிப்பத்திரம் கிடைத்த அன்றே வேலை கிடைக்கும் என்று எண்ணலாகாது. அமெரிக்காவில் சுற்றுலா ஹெலிகொப்டர் நிறுவனங்கள் பலவும் ஏறத்தாழ 1,000 மணி அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. 150க்கும் 1,000க்கும் இடையிலுள்ள பள்ளத்தை அந்நாட்டு இளைஞர் எவ்வாறு தாண்டுகின்றனர்? பயிற்றுநராகி, பிறருக்குக் கற்பித்துக்கொண்டே மணிக்கணக்கைச் சேர்க்கின்றனர். ஆர்-22 ஊர்தியிற் கற்பிப்பதற்கே அங்கு 200 மணி ஹெலிகொப்டர் அனுபவம் வேண்டும்.

நம் பிள்ளை அவ்வாறு செய்ய முடியுமா? பறப்புப் பயிற்சிக்காக அமெரிக்கா செல்வோருக்குப் பெரும்பாலும் வழங்கப்படுவது எம்-1 என்னும் மாணவர் விசா. படிப்பு முடிந்தபின் அந்த விசாவிற் கிடைக்கும் செய்முறைப் பயிற்சிக் காலம் கூடியது ஆறு மாதமே. அதற்குள் 1,000 மணியை எட்டுவது அரிதினும் அரிது. ஒரு நாட்டிற் கற்க அனுமதி கிடைப்பது வேறு. அந்நாட்டில் வேலை செய்ய உரிமை கிடைப்பது வேறு. விளம்பரங்கள் முன்னதைப் பெரிய எழுத்திற் சொல்லும். பின்னதைச் சொல்லவே மாட்டா. நாடு திரும்பினாலும், வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை நமது அதிகார சபை ஏற்பதற்குரிய தேர்வுகளும் பரிசோதனைகளும் உண்டு. இங்கு ஹெலிகொப்டர் வேலைகளோ மிகச் சில. பணம் கட்டுமுன் இந்தக் கணக்கை முடிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகொப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் இருந்தது. பல மாநிலங்களிற் கிளைகள்; பளபளக்கும் ஊர்திகள்; விளம்பரக் கூட்டங்கள். மாணவர்கள் ஏறத்தாழ 70,000 டொலர் வீதம் கடன் பெற்று, கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினர். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி மாத ஆரம்பத்தில் ஒரு நாள் அந்நிறுவனம் திடீரெனக் கதவை மூடி வங்குரோத்து அறிவித்தது. 2,000க்கு மேற்பட்ட மாணவர் அனுமதிப்பத்திரமும் இன்றி, கடனும் தீராமல் நடுவழியில் நின்றனர். சட்டமும் நீதிமன்றமும் வலுவாக உள்ள நாட்டிலேயே இக்கதி என்றால், கடல் கடந்து செல்லும் நமது பிள்ளைக்கு யார் துணை?

இவ்வூரிலும் ஒன்று நடந்தது. அயல்தோட்டத் தந்தையார் ஒருவர், முப்பது ஆண்டு உழைத்துப் பெற்ற ஊழியர் சேமலாப நிதியையும் மனைவியின் நகையையும் ஒரு முகவரிடம் கொடுத்தார். 'விமானத்துறைப் பயிற்சி' என்பதே பற்றுச்சீட்டில் இருந்த சொல். மகனுக்குக் கிடைத்தது பயணிகளை வரவேற்கும் பணிக்கான சான்றிதழ். விமானி என்ற சொல் அந்தப் பத்திரங்களில் எங்கும் இல்லை. அச்சொல் இல்லை என்பதைப் பணம் கட்டுமுன் பார்க்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை; என்னிடம் கொண்டுவந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பையன் என்னிடம் படித்தவன். அந்த வருத்தமே இன்று என்னை இவ்வளவு பேசச் செய்கிறது.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் எந்தப் பள்ளியிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. உங்கள் பள்ளிக்கு அனுமதி வழங்கிய அரச நிறுவனம் எது? குறித்த கட்டணத்தில் எத்தனை மணி நேரப் பறப்பு அடங்கும். மாணவர் மேலதிக மணிகளை வேண்டினால் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு? ஊர்திகள் எத்தனை, ஆசிரியர் எத்தனை, மாணவர் எத்தனை? ஒரே ஊர்தி பழுதானால் பயிற்சி எத்தனை வாரம் நிற்கும்? ஆசிரியரின் அனுபவம் எவ்வளவு? இயந்திரம் நின்ற நிலையில் இறங்கும் பயிற்சி எத்தனை முறை தரப்படும்? உங்களிடம் கற்றவர்கள் இன்று எங்கே பறக்கின்றனர். அவர்களுள் வெளிநாட்டவர் எத்தனை பேர். அவரோடு நான் பேசலாமா? பறந்த மணிக்கு மட்டும் பணம் செலுத்தலாமா? இறுதிக் கேள்விக்கு 'இல்லை, முழுவதையும் முன்னரே கட்ட வேண்டும்' என்று விடை வந்தால், எழுந்து வந்துவிடுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். ஆகாயத்திற் போடுவதை அளவாமற் போடலாமா?

இவற்றுக்கெல்லாம் முற்படச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அது மருத்துவப் பரிசோதனை. வணிக விமானிக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், செவி, இதயம் யாவும் சோதிக்கப்படும். நிறக்குருடு ஆண்பிள்ளைகளிடையே அருமையானதன்று; பலர் தமக்கு அது இருப்பதை அறியாமலே வளர்கின்றனர். நிலத்தை ஈடுவைத்துக் கட்டணம் செலுத்திய பின்னர் இதனை அறிவதிலும், முதலிலேயே அறிவது பன்மடங்கு மேல். அடுத்தது ஆங்கிலம். சர்வதேச விதி விமானியின் ஆங்கிலப் பேச்சை ஆறு படிகளாக வகுத்து, நான்காம் படியையேனும் எட்ட வேண்டும் என்கிறது. கணிதமும் பௌதிகமும் இன்றியமையாதவை. இம்மூன்றையும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் உண்டு. பறக்கும் பள்ளியைப் பற்றிப் பேசும்போது, ஆறாம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் வேண்டும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டியவர்களாக இருக்கிறோம். மாணவி ஹெலிகொப்டரில் ஏறுவதற்கான முதற்படி அந்த வகுப்பறையிலேயே உள்ளது.

விமானியாக இயலாதவருக்கும் இத்துறையில் இடமுண்டு. ஊர்தியைப் பழுதுபார்க்கும் பொறியியலாளர், வான் போக்குவரத்தை நெறிப்படுத்துவோர், வானிலை ஆய்வோர் ஆகிய இவர்கள் இன்றி ஒரு ஹெலிகொப்டரும் எழாது. இவ்வழிகள் சிறுமையுடையன என்று எந்தப் பெற்றோரும் எண்ணவேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து அம்மாணவியை அழைத்து இவற்றையெல்லாம் கூறினேன். அவள் தன் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, "சேர், புயல் நேரத்தில் வந்ததுபோல மலையில் ஆட்களைக் காப்பாற்றுகிற வேலைதான் எனக்கு வேண்டும்" என்றாள். "அப்படியானால் உன் முதற் கேள்விக்கு நீயே விடை கூறிவிட்டாய், மற்றவை அதன் பின்னால் வரும்" என்றேன். கைப்பேசியில் இருந்த விளம்பரத்தை அவள் அப்போதே அழித்தாள்.

சென்ற மாதம் கண் பரிசோதனை செய்துகொண்டாள், குறையொன்றும் இல்லையாம். விமானப்படைக்கு விண்ணப்பிப்பதா என்பதைத் தாயாரோடு பேசி முடிவு செய்யவுள்ளாள். தாயாருக்கு அச்சம் உண்டு, அது இயல்பே. முடிவு அவர்கள் இருவருக்கும் உரியது. இப்போது அவளுக்குள்ள பெரிய இடர் பௌதிகப் பாடம். அதற்காகச் சனிக்கிழமைகளில் ஹற்றனுக்குச் சென்று வருகிறாள்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் அண்ணாந்து பார்க்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அதன் ஆசையை அடக்க வேண்டாம். அதற்காக ஆத்திரப்பட்டுப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். எந்த வேலை, எந்த நாடு, எந்த உரிமை, எவ்வளவு செலவு என்று பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய பிறகு பள்ளியைத் தேடுங்கள்.